மீள்பிடிப்பு

அல் தக்கீராவில் தண்ணீர் வடிந்தால்
மூன்றே கால் மணி நேரம் சேறு நம்முடையது.
அதற்குள் அறுபது நண்டு பிடிக்க வேண்டும்.
ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பொட்டு.
காயும்வரை ஊத வேண்டும்.

நகப்பூச்சைத் தேர்ந்தது நூருல் அப்சர்.
அல் கோர் கடையில் பதினேழு சிவப்பு இருந்தது.
"இது உப்பில் போகாது, ஆபா" என்று ஒன்றை எடுத்தான்.
எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.
சந்தீப் தீவுக்காரன்.
மூச்சுவேர்களுக்கு நடுவே கால் பதியாமல் போவான்.
நான் முழங்கால்வரை இறங்கி
ஒவ்வோர் எட்டுக்கும் செருப்பைச் சேற்றிடம்
கெஞ்சி வாங்கிக்கொண்டிருப்பேன்.
நெய்தலுக்கும் பாலைக்கும் நடுவே
ஒரு வரப்புகூட இல்லாத இடம் அது.

கணக்கு எளிது.
பொட்டு வைத்தது அறுபது.
பத்து நாள் கழித்து ஐம்பது பிடித்து
அதில் ஆறு பொட்டோடு வந்தால்
சேற்றில் மொத்தம் ஐந்நூறு.
முதலாண்டுப் பாடம்.
எல்லோரும் தலையாட்டிவிட்டுத் தாண்டும் பக்கம்.

அடியில் பொடி எழுத்தில் நிபந்தனைகள்:
கூட்டம் மூடியது.
யாரும் பிறப்பதில்லை, சாவதில்லை,
உள்ளே வருவதில்லை, வெளியே போவதில்லை.
குறி அழிவதில்லை.
குறிபட்டதால் எதன் வாழ்வும் மாறுவதில்லை.

அரைகுறை இந்தியில் இதை நூருலிடம் சொன்னேன்.
சேற்றில் உட்கார்ந்தே விட்டான், அப்படிச் சிரிப்பு.
"அப்படி ஓர் இடமா ஆபா?
கத்தாரிலா?"

மூன்றாம் நாள், வெப்பமானியை எடுக்கப் போனபோது,
ஒரு கரைக்கொக்கு
நூறு நண்டுக்கு நடுவே சிவப்பை மட்டும் கொத்தியது.
இருவரும் பார்த்தோம். நேரம் குறித்துக்கொண்டேன்.
இயற்கைத் தெரிவில் யாருக்கும் யார்மேலும் கோபமில்லை.
கொக்குக்கு எளிதாக இருந்தது, அவ்வளவே.

பத்தாம் நாள் நான் மட்டும் போனேன்.
அவன் கம்பெனிக்கு ஒப்பந்தம் நீட்டவில்லையாம்.
வாட்ஸாப்பில் ஒரு படம்:
அதிகாலை நான்கு மணி, விமான நிலையத் தரை,
கயிறும் டேப்பும் சுற்றிய அட்டைப்பெட்டி.
கீழே ஒரு வரி:
"எண்ணிக்கை வந்ததும் சொல்லுங்கள்."

ஐம்பது பிடித்தேன். பொட்டோடு இரண்டு.

கரையேறும்போது ஒரு வளைவாயில்
ஈரமாக ஓர் ஓடு கிடந்தது,
நகம்போல மெல்லிசு, கால்கள்கூட முழுசாக.
முதுகில் சிவப்பு அப்படியே.
அவன் சொன்னது சரி, உப்பில் போகவில்லை.
நண்டுதான் போயிருந்தது.

வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் மோஸா கேட்டார்:
"குறி தொலைந்தால் உன் விடை எந்தப் பக்கம் சாயும்?"
பெரிதாகும் என்றேன்.
வகுக்கும் எண் சிறுக்கிறது;
தொலைந்தது ஒவ்வொன்றும்
கூட்டத்தைப் பெருக்கிக் காட்டும்.
நல்லது என்று அடுத்த கேள்விக்குப் போனார்,
தீவின் பரப்புக்கும் இனங்களின் தொகைக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை
அல் கோர் கடைத்தெருவில் ஐம்பது முகம் எண்ணினேன்.
அவனோடு நடந்த நாட்களில்
பத்தடிக்கு ஒருவர் நிறுத்திக் கைகொடுப்பார்கள்,
எனக்கும் சேர்த்து.
இன்று தெரிந்த முகம் ஒன்றுமில்லை.
சுழியால் வகுக்க முடியாது.
ஊர் முடிவில்லாமல் பெரிதாக இருந்தது.

சிறிய மாதிரிகளுக்கு ஒரு திருத்தம் உண்டு:
ஒவ்வோர் எண்ணோடும் ஒன்று கூட்டிக்கொள்,
கடைசியில் ஒன்றைக் கழித்துவிடு.
ஏன் என்பதற்கு நிரூபணம் இருக்கிறது, அரைப் பக்கம்.
படித்திருக்கிறேன்.

ஆயிரத்து முப்பத்தாறு என்று அனுப்பினேன்.
நம்ப வேண்டாம், பிழை அதிகம் என்றும்.

இரவு பதில் வந்தது:
"அவ்வளவா! நல்லது.
அதில் நம்முடையவை எத்தனை?"

இரண்டு என்று தட்டினேன்.
அழித்துவிட்டு,
சூத்திரப்படி,
மூன்று.