ஐந்து ஊசி

ஞாயிறு சந்தையில், நனைந்த பூனைக்கூண்டுக்கும்
விளிம்பு உடைந்த மாத்தே குடுவைக்கும் நடுவில் கிடந்தது.
முந்நூறு பெசோ.
"துறைமுகச் சுங்க அலுவலகத்துச் சாமான்,
தூக்கித்தான் பாருங்களேன்" என்றான்.
தூக்கினேன். தோள் இறங்கியது.
மொந்தேவிதேயோவில் அன்று ஜூலை மழை.
பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டேன்,
சுருள் வால் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது.

என் கணினிக்கு இருப்பது ஒரே வாய், மெல்லியது,
எப்படித் திருப்பிச் செருகினாலும் ஏற்றுக்கொள்ளும்.
இந்த விசைப்பலகையின் வால்நுனியிலோ
கட்டைவிரல் பருமனுக்கு ஒரு வட்டம்,
உள்ளே பிறையாய் ஐந்து ஊசி.
ஐந்துக்கு ஆறு, ஆறுக்குத் தட்டை, தட்டைக்கு மெல்லியது:
மூன்று அடாப்டர்கள், ரயில்பெட்டி மாதிரி.
எல்லாம் கச்சிதமாய்ப் பொருந்தின.
ஓர் எழுத்தும் வரவில்லை.
வாய் பொருந்தினால் பேச்சு வந்துவிடுமா?

பிளகைப் பிளந்தேன்.
மின்சாரம், தரை, துடிப்பு, செய்தி.
நான்கு கம்பி, ஓர் ஊசி சும்மா.
ஊசிகளின் வரிசையோ
ஒன்று, நான்கு, இரண்டு, ஐந்து, மூன்று.
எந்தப் பள்ளிக்கூடத்தில் எண்ணப் படித்தார்கள்?
நான் ஒன்று இரண்டு மூன்று என்று பற்றவைத்ததில்
முதல் சில்லு புகைந்து செத்தது.
இரண்டாவதைக் கடன் தந்தவள் நெல்பா,
லிஃப்ட் பழுதுபார்ப்பவள்.
"எண்ணை நம்பாதே, மீட்டரை நம்பு."

இரவு பதினொன்றரை. ஒரு விசை.
ஆ.
ஆஆஆஆஆஆஆஆ
நான் நாற்காலியிலிருந்து எழுவதற்குள் நான்கு பக்கம் ஆ.
அழுத்தினால் ஓர் எண் அனுப்புகிறது இது,
விரல் எடுத்தால் அதோடு நூற்றிருபத்தெட்டைக் கூட்டி இன்னொன்று.
என் நிரலில் அழுத்துவதற்கு மட்டும்தான் இடம் இருந்தது.
எடுப்பதைக் கேட்க ஆளில்லை.

அதையும் சரிசெய்தேன்.
பிறகு, தலையில் சுழி போட்ட அந்த எழுத்து,
ஞ என்று மூக்கில் ஒலிப்பது,
அரைப்புள்ளியாய் வந்து விழுந்தது.
திரையில் என் பெயர்: ஒந்தினா பாத்தி;ஓ.
நடுவழியில் மூச்சு வாங்கும் பெண்.
கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
திருத்துவது ஒரு வரி வேலைதான்.
நாளைக்கு.

சலவை இயந்திரக் கையேடு ஒன்று
மொழிபெயர்ப்புக்குக் காத்திருந்தது.
அடிக்க ஆரம்பித்தேன்.
சில்லறையைத் தகரத்தில் கொட்டுகிற சத்தம்.
"கதவை மூடுவதற்கு முன்" என்பது வரை வந்திருப்பேன்,
கீழ்வீட்டு வால்டெமார்
துடைப்பக்கட்டையால் கூரையை இடித்தார்.
ஒரே ஓர் இடி.

விரல்களைக் காற்றில் நிறுத்தி
உட்கார்ந்திருக்கிறேன்,
அவர் கட்டையை எடுத்துவிட்டாரா என்று தெரிய.