ராத்தல் கணக்கு

லவுத் ஊர்க் கறிக்கடை மூடியபோது
ஏலத்தில் தராசை எடுத்தவர் ஹாடோ.
தராசோடு என்னையும்.
கல்லாவில் இருந்தவள், கையெழுத்து சுத்தம் என்று
கடைக்காரர் சொல்லியிருப்பார் போல.

போர் முடிந்து ஆள் போன விமானத்தளம்.
தகரக் கூரையில் லிங்கன்ஷயர் காற்று
ஒரே சீட்டியைத் திரும்பத் திரும்ப ஊதிப் பார்க்கும்.
ஐம்பத்தெட்டு ஜனவரி. விரல் விறைக்க எழுதினேன்:
வாலாட்டி, எண் ஒன்று.
ஓடுதளத்தில் தத்தித் திரியும் குருவியின் பெயர்தான்,
பறக்கவேண்டிய அவசியம் அதற்கும் இல்லை.

உறுப்புகள் எல்லாம் தராசுக்கு வந்தன.
ஸ்டியரிங் தண்டு, ஆறு ராத்தல் இரண்டு அவுன்ஸ்.
"துளை போடு."
கதவுக் கைப்பிடி, பதினோரு அவுன்ஸ்.
"எதற்கு? கயிறு போதும்."
கயிற்றையும் நிறுத்தார்.
முள் நடுங்கி அடங்கும்வரை
மூச்சு விடமாட்டார் மனிதர்.

கண்ணாடியிழையில் உடல் வார்த்தவள் எனிட் பர்கிஸ்.
முழங்கை வரை அரிப்பு,
மதிய ரொட்டியிலும் பிசின் மணக்கும்.
அச்சிலிருந்து முதல் உடல் கழன்ற அன்று
அவளும் நானும், ஆளுக்கு ஒரு கை,
தூக்கிக்கொண்டு முற்றம் கடந்தோம்.
படகு என்றான் ஒருவன்.
எனக்கென்னவோ பெரிய முட்டையோடு.

உதிரியாய் விற்றால் வரி இல்லை.
பூட்டும் முறை எழுதித் தந்தால் உண்டு.
ஆகவே தட்டச்சு செய்தேன் பதினான்கு பக்கம்,
"வாலாட்டியைக் கழற்றும் விதம்."
வாங்கியவர்கள் கடைசியிலிருந்து படித்தார்கள்.
கிராந்தம் பல்மருத்துவர் ஒருவர் மட்டும்
முதல் வரியில் தொடங்கிவிட்டுத்
தொலைபேசியில் தயங்கினார்:
"கழற்ற இன்னும் ஒன்றுமே இல்லையே, அம்மா?"

அறுபத்திரண்டில் வாரத்துக்கு ஒன்று.
பிறகு அமெரிக்கா என்ற பேச்சு:
பம்பர் வை, பெல்ட் வை, விளக்கை உயர்த்து.
இருபத்தேழு ராத்தல் ஏறியது.
ஹாடோ மூன்று நாள் மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்தார்,
அதில் ஈடுகட்டலாம் என்பதுபோல.
ஓட்டுபவரின் எடைக்கு
என் பேரேட்டில் கட்டம் கிடையாது.
கேட்டேன் ஒருநாள்.
"அது அவரவர் பாடு" என்றார்.

அறுபத்தேழு அக்டோபர்.
சோதனை ஓட்டத்தில், குறுக்கே அடித்த காற்றில்
புரண்டுபோனது நூற்றுத் தொண்ணூறு.
லயனல் டிரிங் பிழைத்தார், காறையெலும்பு மட்டும்.
ஆம்புலன்ஸ் போனதும்
சிதறலைக் கூடை கூடையாய் அள்ளி
நிறுத்தார் ஹாடோ, நான் கூட்டினேன்.
"இரண்டு ராத்தல் குறைகிறது."
இருட்டும்வரை புல்லில் தேடினார்.
நானும் தேடினேன்,
வேறென்ன செய்வது.
கிடைத்தது டிரிங்கின் இடதுகால் ஷூ.
அதைத் தராசுக்குக் கொண்டுபோகவில்லை.
கோட்டுக்குள் மறைத்து
ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனேன்.

எழுபத்துமூன்று ஏப்ரலில் புதுவரி.
உதிரிக்கும் முழுசுக்கும் ஒரே விலைச்சீட்டு.
கழற்றும் விதம் எண்பது பிரதி
அலமாரியில் கிடந்தது.
அப்புறம் பெட்ரோல்.
அப்புறம் வங்கிக்காரர், தொப்பியைக் கழற்றாமலே.

முந்நூற்றுப் பதினொன்று, என்ஜின் ஏறாதது.
ஏலக்காரன் முதலில் கொண்டுபோனது தராசைத்தான்.
எடைக் கட்டம் காலியாய் நின்றது.
எனிடும் நானும் தூக்கிப் பார்த்தோம்,
ஆளுக்கு ஒரு கை.
"எவ்வளவு என்று எழுத?"
"பஸ் ஐந்து மணிக்கு" என்றாள் எனிட்,
"கையுறையைப் போடு."