வந்திருந்தோர்

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
பத்தொன்பது வருடமாக
இந்தத் துறைமுகத்தில் யார் எது சொன்னாலும்
என் பேனா வழியாகத்தான் போயாக வேண்டும்.
இருமலை எழுத மாட்டேன்.
கெட்ட வார்த்தையை 'ஆட்சேபம்' என்று எழுதுவேன்.

அன்றைக்கு
மீனவர் சங்கத்தின் தகரக் கூரையில்
கலீசியாவின் மழை.
பொருள்: பேய்க்கணவாய்ப் பண்ணைக்கு
அனுமதி தருவதா, வேண்டாமா.
என்னோடு சேர்த்து நாற்பத்தொரு பேர்,
முப்பத்தாறு நாற்காலி.
கடைசியாக வந்த முக்குளிப்புக்காரி இரியா
ஒரு நீல வாளியை என் மேசைமேல் வைத்தாள்.
"யாரைப் பற்றிப் பேசுகிறோமோ
அது இங்கேயே இருக்கட்டும்."
யாரை என்றும் அது என்றும் ஒரே மூச்சில்.
அப்படியே எழுதினேன், திருத்தவில்லை.

ஊஷியா எழுந்தார். சங்கத் தலைவி.
இரண்டு மகன்களும் ராட்டர்டாமில் கிரேன் ஓட்டுகிறார்கள்.
"அறுபது பேருக்கு வேலை வரும்" என்றார்.
"மன்னிக்கணும், எண்பத்து நாலு.
மூன்றாம் இணைப்பில் இருக்கிறது.
உங்கள் கணக்கை நீங்களே குறைக்காதீர்கள்."
சொன்னது பிரெய்ஷோ, கடலுயிர் ஆய்வாளர்,
பண்ணை கூடாது என்று வாதாட வந்தவர்.
"நன்றி. எண்பத்து நாலு" என்றார் ஊஷியா.
இப்படியொரு திருத்தத்தை
நான் அதுவரை எழுதியதில்லை.

பிறகு பிரெய்ஷோ:
அதன் நரம்பணுக்களில் பாதிக்கு மேல் கைகளில்;
தொடுவதும் ருசிப்பதும் அதற்கு ஒரே வேலை;
வலித்த இடத்துக்கு மறுபடி வருவதில்லை.
"உள்ளே யாராவது இருக்கிறார்களா என்றால்
தெரியாது.
அளக்கும் கருவி என்னிடம் இல்லை.
உங்களுக்குள் ஒருவர் இருப்பதையே
உங்கள் பேச்சை நம்பித்தான் ஒப்புக்கொள்கிறேன்."

"நண்டைக் கொதிநீரில் போடும்போது கேட்டோமா?
கோடு எங்கே என்று சொல்லுங்கள், அங்கே நிற்கிறேன்.
நகர்ந்துகொண்டே இருக்கும் கோட்டில்
படகு கட்ட முடியாது" என்றார் ஊஷியா.

அவர் வெகுநேரம் யோசித்தார்.
"நகரும் கோடுதான். ஒரு காலத்தில் பெண்கள்
அதற்கு வெளியே இருந்தார்கள், இதே சங்கத்தில்."
"அதை நகர்த்தியது விஞ்ஞானம் இல்லை தம்பி,
என் அம்மா போட்ட சண்டை."
சிரிப்பு.
சிரிப்பை எழுதலாம், விதி உண்டு.

பின்வரிசையில் ஷியான், கணினி படிக்கிறவன்,
கையைத் தூக்காமலே கேட்டான்:
"நாளைக்கு நம்மைவிடக் கெட்டிக்கார ஏதோ ஒன்று
நம்மைப் பற்றிப் பேச மேசை போட்டு உட்கார்ந்தால்,
வாளியில் யார்?"

'மௌனம்' என்று எழுதி
எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்தேன்.
அப்போதுதான் ஒரு கை
வாளியின் விளிம்பைத் தாண்டி
தாளில் ஈரம் இழுத்துக்கொண்டு வந்து
என் பேனாவைத் தொட்டது.
பிடுங்கவில்லை.
உறிஞ்சி உறிஞ்சியாக, அவசரமில்லாமல்.
படிப்பதுபோல் என்று எழுத ஆசை.
படித்ததா, ருசித்ததா, இரண்டும் இல்லையா,
எனக்குத் தெரியாது.
தெரிந்தது ஒன்றே:
ஞாயிற்றுக்கிழமை மரத்தட்டில்
எண்ணெயும் மிளகாய்த்தூளும் விட்டு
நான் தின்றது இதே கை.

ஆதரவு இருபது, எதிர்ப்பு இருபது.
எனக்கு வாக்கு இல்லை.
அடுத்த மாதம் மீண்டும் கூடலாம் என்று கலைந்தார்கள்.
ஆதரவாகக் கை தூக்கிய ஊஷியாதான்
வாளியைச் சுமந்து படித்துறை இறங்கினார்.
பிரெய்ஷோ குடை பிடித்துக்கொண்டு போனார்,
தண்ணீர் நிறைந்த வாளிக்கு.

விளக்கை அணைக்க ஆள் காத்திருந்தார்.
படிவத்தில் ஒரு கட்டம் பாக்கி:
வந்திருந்தோர், இத்தனை பேர்.
41 என்று எழுதினேன்.
ஈரம் பட்டு மை கலங்கியது.
ஒன்றை அடித்து
இரண்டு என்று எழுதினேன்.

அடித்தல் திருத்தல் இருந்தால்
ஓரத்தில் கையொப்பம் இட வேண்டும்.
இட்டேன்.