பதினேழாம் வரைவு

மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
நவம்பரில் ஃபின்லாந்து இப்படித்தான்.
ஜன்னலில் ஏரி இல்லை,
என் முகமும் மேசை விளக்கும்தான்.

"சுத்தமான பிரதி வேண்டும், மர்யுக்கா, நாலரைக்குள்."
ஒரு பக்கக் கடிதம். பதினேழு வரைவு.
காகித ஆலையிலிருந்து ஏரிக்கரைக்காரர்களுக்கு.

சிவப்பு, இயக்குநர் வெய்யோ.
பச்சை, ஹெல்சின்கி வக்கீல் ஹில்லெவி;
இரவு பதினொன்றுக்கு மேல்தான் அவர் பச்சை விழும்.
ஊதா யாரென்று கடைசிவரை தெரியவில்லை.
'விருந்தினர்' என்று காட்டுகிறது,
காற்புள்ளிகளை மட்டும் தின்றுவிட்டுப் போயிருக்கிறது.
நீலம் தைஸ்தோ, வால்வுப் பிரிவு.
முதல் வரைவு அவருடையது:

ஆகஸ்ட் பத்தொன்பது இரவு
கழிவுத் தொட்டியின் வால்வைத் திறந்துவிட்டோம்.
மூட மறந்தோம்.
மன்னிப்புக் கேட்கிறோம்.

மூன்று வினையிலும் 'நாங்கள்'
வாலாக ஒட்டிக்கொண்டிருந்தது.

வெய்யோ கோடு கிழித்து
'வால்வு திறந்திருந்தது' என்றார்.
அதன்மேல் ஹில்லெவி கோடு கிழித்து
'திறந்திருந்ததாகத் தெரியவருகிறது' என்றார்.
மறந்தோம் போய்க் கவனக்குறைவு வந்தது,
கவனக்குறைவு போய்ச் சூழல் வந்தது.
மன்னிப்பு வருத்தமாகி,
வருத்தம் ஆழ்ந்த வருத்தமாகி,
'ஆழ்ந்த' வெட்டுப்பட்டு,
கடைசியில் இப்படி நிற்கிறது:
"உங்கள் கவலையைப் புரிந்துகொள்கிறோம்."
இங்கே மட்டும் நாங்கள்
திரும்பி வந்துவிட்டோம் பாருங்கள்.

முதலில் தடம்பதிப்பதை அணைத்தேன்.
புதிதாக வருபவர்கள் இத்தோடு முடிந்தது என்பார்கள்.
அணைத்தால் பழைய கோடு போகாது,
இனிமேல் கிழிப்பது பதியாது, அவ்வளவுதான்.
'குறிகளைக் காட்டாதே' என்று வைத்தால்
பக்கம் பால்போல் வெளுத்துவிடும்.
அது கம்பளத்துக்கு அடியில் தள்ளிய குப்பை;
நம்பி அனுப்பினால், வாங்கியவர் ஒரே சொடுக்கில்
மொத்தச் சண்டையையும் விரித்து வைத்துப் படிப்பார்.
(போன வருடம் சம்பள ஒப்பந்தத்தில் அப்படி ஆயிற்று.
செய்தது நான் இல்லை.)
ஏற்க வேண்டும். அல்லது மறுக்க வேண்டும்.
மறுக்கும் பொத்தான் என் வேலையில் இல்லை.

மொத்தமாக ஏற்க ஒரு வழி உண்டு, கை போகவில்லை.
ஒவ்வொன்றாக ஏற்றேன். இருநூற்றுப் பதினொன்று.
ஏற்க ஏற்க நிறம் வடிந்தது,
வெட்டுப்பட்ட சொற்கள் சத்தமில்லாமல் போயின,
மிச்சமிருந்தவை நெருங்கி உட்கார்ந்துகொண்டன,
ஆதியிலிருந்தே அங்கே இருந்தவைபோல.

ஓரத்தில் தைஸ்தோவின் குறிப்பு ஒன்று:
"தெரியவருகிறதா? யாருக்கு? மீனுக்கா?"
யாரும் பதில் போடவில்லை.
'தீர்ந்தது' என்று வெய்யோ குறித்திருந்தார்.
நீக்கினேன்.

மணி நாலு இருபது.
பக்கத்தில் ஒரு கீறல் இல்லை.
சுட்டி, 'தெரியவருகிறது' என்பதன் பின்னால்
நின்று நின்று இமைக்கிறது.
ஆகஸ்ட் இருபது காலையில்
சவுனாவுக்குத் தண்ணீர் எடுக்க
என் படித்துறையில் வாளியை முக்கினேன்.
முய்க்கு மீன்கள் வெள்ளை வயிறு காட்டி,
கழுவப் போட்ட கரண்டிகளைப்போல.
அதை இந்த அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

பின்னழித்தேன்.
திறந்துவிட்டோம் என்று அடித்தேன்.

கோடு விழவில்லை. ஓரத்தில் பெயர் முளைக்கவில்லை.
வெறும் கறுப்பு, மற்ற எழுத்துகளின் கறுப்பு.
பன்னிரண்டு வருடத்தில்
இந்த நிறத்தில் நான் எழுதியது இது ஒன்றுதான்.
மற்ற இரண்டு வரிக்கும் நேரம் இல்லை,
துணிவும் இல்லை.

வெய்யோ கையெழுத்துப் போட்டார்.
பதினேழு முறை படித்தவர்
பதினெட்டாவது முறை எதற்குப் படிக்கப் போகிறார்?
தபால் வண்டி போயிற்று.

கோப்பின் விவரங்களில் மட்டும்
'கடைசியாகத் திருத்தியவர்' என்ற இடத்தில்
என் பெயர், நாலு இருபத்தேழு.
அதை அழிக்கவும் எனக்குத் தெரியும்.

கோட்டை மாட்டிக்கொண்டு
விளக்கை அணைத்தேன்.
ஜன்னலில் நான் போய்
ஏரி வந்தது.