ஏணியின் எட்டாம் படி

ஹெண்டர்சன் கட்டுதளம். காலை ஆறரை.
தீப்பொறி பொத்தலிட்ட கையுறையோடு
டார்லீன் பற்றவைத்துக்கொண்டிருக்கிறாள்
இன்னொரு நாட்டின் கடற்படையை.
அதாவது, இந்த ஒரே ஒரு ரோந்துப் படகை.

கிரிபட்டியிலிருந்து படகெடுக்க வந்த தெபுவாய்
முனையிலிருந்து முனைக்குக் காலால் அளக்கிறான்.
"நாற்பது மீட்டர். எங்கள் தீவு
சில இடத்தில் இவ்வளவு அகலமில்லை."
சிரிக்கிறான். அவளும்.

பிறகு சுக்கான் அறைக் கூரையில் நின்று
சும்மா சொல்வதுபோல:
"இந்த உயரத்துக்கு எங்களூரில்
தென்னை ஏறினால்தான் உண்டு."

திருட்டு மீன்பிடிக் கப்பல்களைத் துரத்தத்தான் படகு.
ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது.

மதியம்,
சோதனையில் ஏற்கெனவே தேறிவிட்ட ஏணிக்குத்
திரும்பி வந்தாள்.
எட்டாம் படியில் இன்னொரு வரிசை ஓட்டினாள்.

எதற்கு என்றான் மேற்பார்வையாளன்.

"கூட்டமாக ஏறினால்?" என்றாள்,
முகமூடியை இறக்கிக்கொண்டு.