பதினோராவது வாக்கியம்

ஔலு நகரத்தில் எனக்குச் சம்பளம்
சின்னச் சின்ன வாக்கியங்களுக்கு.
"கோட்டைக் கதவு திறந்தது."
"வாளில் துரு ஏறியிருக்கிறது."
அப்படி.

போன நவம்பரில் வெய்க்கோ வந்து சொன்னான்:
மூன்று மணி நேரத்துக்கு மேல் விளையாடுகிறவர்களை
எழுப்ப ஒரு வாக்கியம் வேண்டும்.
சட்டம் வரும் என்கிறார்கள்,
அதற்குள் நாமே நல்லவர்களாகிவிடலாம்.

பதினொன்று எழுதினேன்.
தண்ணீர் குடியுங்கள் என்று ஒன்று.
கண்கள் பாவம் என்று ஒன்று.
நாளைக்கும் இந்த டிராகன் இங்கேதான் இருக்கும் என்று ஒன்று,
அது எனக்கே பிடித்திருந்தது.
ஒருவரும் அசையவில்லை.
படிக்கும் முன்பே பொத்தானை அமுக்கினார்கள்
கொசு அடிப்பதுபோல.

பதினோராவதை
பேருந்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் எழுதினேன்:
"உங்கள் ஜன்னல் இப்போது என்ன நிறம்?"

எழுந்து போனார்கள்.
லிஸ்பனில், போஸ்னானில், இஸ்மிரில்
திரைச்சீலையை விலக்கிப் பார்த்திருக்க வேண்டும்.
ஒன்பதில் ஒருவர்
அன்றிரவு திரும்பி வரவேயில்லை.
வரைபடத்தில் அந்த ஒரு கோடு மட்டும்
படிக்கட்டில் கால் தவறியவன்போல் விழுந்தது.

இஸ்மிரிலிருந்து ஒருத்தி எழுதினாள்:
"கத்தரிப்பூ நிறம். விடிகிறது.
மகனுக்கு இன்று பள்ளி என்பதே மறந்துபோயிற்று."
நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை.

எங்கள் ஊர்க்காரன் ஒருவன்:
"கறுப்பு. மத்தியானம் மூன்றிலிருந்தே கறுப்பு.
அதனால் என்ன?"
நியாயம்தான்.

பிறகு கெமியிலிருந்து ஐலா.
ஐம்பத்தாறு வயது, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.
"வெள்ளை. பனி. பார்த்தாயிற்று.
அதில் சறுக்கிப் போக எனக்குக் கால் இல்லை,
இங்கே இருக்கிறது.
நேரத்துக்குப் பூட்டுப் போடப்போகிறீர்களாமே,
சாவி யார் கையில் என்று மட்டும் சொல்லுங்கள்."
பதில் எழுத உட்கார்ந்தேன்.
வாக்கியம் விற்றுப் பிழைப்பவளுக்கு
ஒரு வாக்கியம் வரவில்லை.

புதன்கிழமை கூட்டம்.
ஐலாவைப் பற்றி யாரும் பேசவில்லை.
முப்பத்தொரு மணி நேரம் எழாமல் கிடந்த
ஒரு கணக்கைப் பற்றியும் பேசவில்லை
(பெயர் தெரியாது, எண்தான்,
அதை எந்த வாக்கியமும் எட்டவில்லை).
விழுந்த கோட்டைப் பற்றிப் பேசினார்கள்.
வெய்க்கோ என் முகத்தைப் பார்க்காமல்
"அழகான வாக்கியம்" என்றான்,
"வேலை செய்கிறது, அதுதான் சிக்கல்."

இப்போது அந்த இடத்தில்
தண்ணீர் குடியுங்கள் இருக்கிறது.
குடித்துவிட்டு வந்தால் ஐம்பது பொற்காசு.
அதையும் நான்தான் எழுதினேன்.

பூட்ட வேண்டுமா கூடாதா என்று கேட்டால்
இன்னும் எனக்குத் தெரியாது.
ஐலாவின் முன் கதவைச் சாத்த என் கை வராது.
ஆனால் எங்கள் கையில் ஒன்றும் இல்லை என்று
எங்கள் ஆட்கள் சபையில் சொல்வார்களானால்,
இருந்தது.
ஆறு நாள் இருந்தது.

இதை எழுதும்போது
ஜன்னல் கண்ணாடியில் என் திரைதான் தெரிகிறது.
வெளியே என்ன நிறமென்று
விளக்கை அணைத்தால்தான் சொல்ல முடியும்.