பதினான்கு கிலோ

வேலந்தாவளத்தில் எங்கள் எடைமேடை
பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
தக்காளி லாரிக்கும் எம் சாண்டுக்கும் அது போதும்.
டோக்கன் ஏறி நின்றால்
ஒருநாள் பத்து என்கிறது, ஒருநாள் இருபது.
மாத்திரையோ கிலோ கணக்கு.

சந்தைக்குத் தூக்கிப் போனேன்.
தக்காளிப் பெட்டியில் உட்காரவைத்து
சடையப்பன் தன் வெங்காயத் தராசில் ஏற்றினார்.
பெட்டி எடை போக பதினாலு நூறு.
பழக்கதோஷம், அந்த நூறையும்
கழிவில் பிடித்துக்கொண்டார்.

கொழிஞ்சாம்பாறை டாக்டர் ஜிஷா
அபஸ்மாரம் என்றார்.
இந்தப் பக்கம் காக்கா வலிப்பு.
பழைய வாகடத்தில் முயலகன் என்று பேராம்,
பில் போடும் மேசைக்கு எதிரே
காலண்டரில் ஆடுகிறவரின் காலடியில் கிடக்கிறானே, அவன்.
பதினோரு வருடமாக
தூக்கிய காலையே பார்த்திருக்கிறேன்.
இப்போது கண் நேராகக் கீழே போகிறது.
குப்புறக் கிடந்தபடி தலையை மட்டும் நிமிர்த்தியிருக்கிறான்.
தண்ணீர் கேட்கிற மாதிரி.

சாவடி மருந்துக்கடையில்
கேரளாச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.
பேஷண்ட் பேரு?
டோக்கன்.
வயசு?
நாலு.
கார்டியன்?
மரகதவல்லி என்றேன்.
எந்தப் படிவத்திலும் அந்தக் கட்டத்தில்
இதற்கு முன் என் பேர் ஏறியதில்லை.

காலை ஆறு, மாலை ஆறு.
நேந்திரம்பழத்துக்குள் வைத்தால்
பழம் போய்விடும், மாத்திரை தரையில் கிடக்கும்,
நக்கித் துடைத்த சுத்தத்தோடு.
தங்கை மகள் கல்யாணத்துக்குப் போய்
மணி நாலுக்கே பஸ் ஏறினேன்.
ஆல்பத்தில் எங்கும் நான் இல்லை.

வருவதற்கு முன் என்னைத் தேடி வரும்.
முழங்காலில் தலையை வைத்து அழுத்தும்.
பிறகு இல்லாத எதையோ மெல்லும்.
பிறகு விழும்.
வாயில் கை வைக்கக் கூடாது, பிடிக்கக் கூடாது,
மேசைக் காலில் தலை இடிக்காமல்
சாக்கை மடித்து வைக்கலாம், அவ்வளவுதான்.
நொடிகளை எண்ணலாம்.
ஐந்து நிமிடம் தாண்டினால் பின்பக்கம் ஏற்ற
ஊசியில்லாத ஒரு சிரிஞ்சு
ரசீதுக் கட்டுக்குப் பக்கத்தில்.

ஒருநாள் வண்டி மேடையில் நிற்கும்போதே விழுந்தது.
டிரைவர் குஞ்ஞாலி ஓடிவந்தார்.
"இரும்பைக் கையில் குடு பெங்ஙளே."
எந்தக் கையில்? நாலும் காற்றை மிதிக்கின்றன.
லாரிச் சாவியை முன்னங்கால் பக்கத்தில் வைத்து
தானும் குத்தவைத்து உட்கார்ந்தார்.
மேடையில் இருபத்திரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது
சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.
பின்னால் ஏழெட்டு ஹாரன்.
சாவி இங்கே, வண்டி அங்கே.
அவர் திரும்பி ஒரு கத்துக் கத்தினார்,
எந்தப் பாஷை என்று தெரியவில்லை,
ஹாரன்கள் நின்றன.

இரும்புக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும்.
எடுக்கவில்லை.
இரண்டு நிமிடம் பத்து நொடி.
ரசீதின் பின்பக்கம் எழுதினேன்.
முன்பக்கம் மொத்த எடை, காலி எடை, நிகர எடை.

எழுந்தால் கண் தெரியாது அரைமணி நேரம்.
சுவரில் முட்டும், வட்டமடிக்கும்,
என்னைப் பார்த்து உறுமும்.
பேசாமல் உட்கார்ந்திருப்பேன்
வேலைக்குப் புதிதாக வந்தவள் போல.
மெல்ல வந்து கையை மோப்பம் பிடித்து
ஆள் சரிதான் என்று ஒப்புக்கொண்டதும்
பசி வந்துவிடும் அதற்கு,
ஒரு குண்டான் சோறு.

முதலாளி கேட்டார்,
"ஒரு ஊசியோட முடிச்சிரலாமே, பாவந்தானே?"
பாவந்தான்.
தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்,
தொடர்ந்து துடைத்தேன்.

முப்பத்தொரு நாளாக ரசீதின் பின்பக்கம் காலி.
வாய்விட்டுச் சொல்லவில்லை.
ஆடிக் காற்று கணவாய் வழியே வந்து
தகரத்தை அடிக்கிறது.
மேசைக்கடியில் ஒரு கால் துடிக்கிறது,
இன்னொரு கால்.
என் கண் கடிகாரத்துக்குப் போய்விட்டது.
சின்னதாக ஒரு குரைப்பு, தூக்கத்திலேயே.
கனவு.
ஆனாலும் எழுபதுவரை எண்ணினேன்.
வெளியே யாரோ லைட் அடிக்கிறார்கள்.
தேங்காய் லோடு.